அடைப்புக்குறிக்குள் வெள்ளவத்தை

அளவெட்டி வடக்கு
08.06.1994

அன்புத் தம்பி நாகேந்திரத்துக்கு,

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கும்பழாவளையான் புண்ணியத்தில் நானும் கௌரியும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தையும் அவனிடம்தான் தினமும் கேட்கிறேன்.

உன் கடிதம் போன கிழமைதான் வந்து சேர்ந்தது. மேலே வழக்கம்போல ‘தற்காலிக விலாசம், வெள்ளவத்தை’ என்று எழுதியிருக்கிறாய். “அம்மா, மாமா முப்பது வருசமாய்த் தற்காலிகமாய் இருக்கிறார்” என்று கௌரி சிரிக்கிறாள். அவள் சிரிக்கட்டும், நீ அப்படியே எழுது. நம் அம்மாவின் மரண அறிவித்தலில் மற்றவர்களின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் லண்டன், கண்டி என்று இருக்கிற ஊரைப் போட்டார்கள். உனக்குக் கொழும்பு என்று போட நான் விடவில்லை. வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு அடைப்புக்குறி? வாக்காளர் இடாப்புக்கு ஆள் கணக்கெடுக்க வரும்போதும் இந்த வீட்டில் உன் பெயரை நான்தான் சொல்லி எழுதுவித்தேன்.

ஒரு சின்ன விஷயம். எனக்கு உடம்பில் ஒரு கட்டி. பயப்பட ஒன்றும் இல்லை. இங்கே டாக்குத்தர் மகரகமைக்குத் துண்டு எழுதித் தந்திருக்கிறார். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வர இயக்கத்தின் பாஸ் வேண்டும், விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். நான் திரும்பி வரும்வரை கௌரி பிணை நிற்பாள். அடுத்த மாதம் கிடைக்கும் என்கிறார்கள். கிளாலியில் படகேறி, வவுனியாவில் ரயில் பிடித்து வருவேன். அதற்குள் நீ அங்கே ஓடித் திரியாதே.

பிரஷர் குளிசையை மறக்காமல் போடு. பனங்கிழங்கு ஒடியல் கொஞ்சம் காயவைத்திருக்கிறேன், வரும்போது கொண்டு வருவேன்.

அன்புடன்
அக்கா பாலேஸ்வரி

*

தற்காலிக விலாசம்:
கடற்கரைப் பக்க ஒழுங்கை, வெள்ளவத்தை
29.06.1994

என் அன்பு அக்காவுக்கு,

உங்களைப் பிள்ளையார் பார்த்துக்கொள்கிறார், என்னைக் குளிசை பார்த்துக்கொள்கிறது. ஆகவே சுகம்.

மகரகமை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று இந்தக் காலி வீதியில் பஸ் கண்டக்டருக்கும் தெரியும். கட்டி எந்த இடத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. தம்பிக்கு எழுதமாட்டீர்கள், நானும் கேட்கமாட்டேன். ஆனால் சின்ன விஷயம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை வாசித்த நேரம் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓடித் திரியவேண்டாம் என்றீர்கள், திரிந்துவிட்டேன். கொட்டாஞ்சேனைச் சூசைதாசனை உங்களுக்குத் தெரியும். எண்பத்து மூன்றில் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது தன் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் என்னை ஒளித்து வைத்துச் சோறு போட்ட துறைமுகக் கிளாக்கர். அவன் மனைவி பிறிஜெற்றின் உறவுக்காரி ஒருத்தி மகரகமையில் நேர்ஸ். “அக்காவைக் கொண்டுவாங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்” என்றாள். என் வீட்டுக்காரர் நமசிவாயத்திடமும் சொல்லிவிட்டேன். ஊரிலிருந்து ஆள் வந்தால் பொலிஸில் பதிய வேண்டுமே என்று முகத்தைச் சுளித்தார். பிறகு தன் வீட்டு மெத்தை ஒன்றைத் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர், முகம்தான் அப்படி.

இங்கே பாராளுமன்றத் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். மதில் எல்லாம் சிரிக்கும் முகங்கள். பாஸ் கையில் கிடைத்த அன்றே யாரிடமாவது ஒரு வரி கொடுத்து அனுப்புங்கள்.

உங்கள் தம்பி
நாகேந்திரம்

*

தற்காலிக விலாசம்: வெள்ளவத்தை
14.07.1994

அக்கா,

நலம். உங்களிடமிருந்து பதில் இல்லை. பாஸ் வந்ததா?

உங்களைச் சிரிக்க வைக்க ஒரு செய்தி. காணிக் கந்தோரில் முப்பது வருடம் கிளாக்கர் வேலை பார்த்துப் பென்ஷன் எடுத்த உங்கள் தம்பி, இன்றைக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் வேட்பாளர். சிரித்து முடித்தபின் மிச்சத்தை வாசியுங்கள்.

சூசைதாசனின் மைத்துனர் ஒருவர் சுயேச்சைக் குழு ஒன்று தொடங்கியிருக்கிறார். சின்னம் குடை. பட்டியலில் எத்தனை பெயர் இருக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம், ஒரு பெயர் குறைந்தாலும் முழுப் பட்டியலையும் தள்ளிவிடுவார்களாம். கடைசி நாள் காலையில் சூசைதாசன் வேர்க்க வேர்க்க மாடிப்படி ஏறி வந்தான். “மச்சான், ஒரு பேர் காணாது. நீ ஒண்டும் செய்யவேணாம், சைன் ஒண்டு மட்டும் போடு” என்றான். அந்த அலுமாரிக்குப் பின்னால் நின்றவன் நான். எந்த வாயால் மாட்டேன் என்பது? போட்டேன்.

யாழ்ப்பாணத்தில் தேர்தலே நடக்காது, தீவுப் பக்கத்தில் மட்டும்தான் பெட்டி வைப்பார்களாம். நான் போக முடியாத மாவட்டத்தில், என்னைத் தெரியாத மக்களிடம், மழைக்கும் உதவாத ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கௌரியிடம் சொல்லுங்கள், மாமா தோற்கப் போகிறார், ஆனால் சட்டப்படி தோற்கப் போகிறார்.

மெத்தை வந்துவிட்டது. வெயிலில் போட்டு எடுத்தேன்.

உங்கள் வேட்பாளர் தம்பி
நாகேந்திரம்

*

அளவெட்டி
27.07.1994

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

நேற்றுப் பாஸ் கந்தோரிலிருந்து இயக்கத் தம்பிமார் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பாஸ் கொண்டு வருகிறார்கள் என்று கௌரி ஓடிப்போய்ப் படலை திறந்தாள். அவர்கள் கையில் கொழும்புப் பத்திரிகை இருந்தது. அதில் தேர்தலில் நிற்பவர்களின் பெயர்கள். உன் பெயர், அதற்கு நேரே எங்கள் வீட்டு விலாசம்.

மரியாதையாகத்தான் கதைத்தார்கள். தேத்தண்ணீரும் குடித்தார்கள். “இந்தத் தேர்தல் வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லியிருக்கிறம், உங்கட வீட்டிலயிருந்து ஒராள் நிக்கிறார். அவர் இஞ்சைதானே அம்மா?” என்று கேட்டார்கள். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பாஸை இனித் தேர்தல் முடிந்தபிறகுதான் பார்ப்பார்களாம்.

நீ எதற்காக இதில் நின்றாய் என்று நான் கேட்கவில்லை. உனக்கு ஒரு காரணம் இருக்கும். ஆனால் ஏன் தம்பி இந்த விலாசத்தைக் கொடுத்தாய்? முடியுமென்றால் பெயரை எடுத்துவிடு. முடியாதென்றால் மனதைப் போட்டு வருத்தாதே.

எனக்கு நோவு ஒன்றும் இல்லை. இப்போது கிணற்றில் தண்ணீர் அள்ளுவது கௌரிதான். வேறு எல்லாம் நான் செய்கிறேன்.

அக்கா

*

தற்காலிக விலாசம்: வெள்ளவத்தை
05.08.1994

அக்கா,

என் சுகத்தை இன்றைக்குக் கேட்காதீர்கள்.

உங்கள் கடிதம் மூன்றாம் திகதி வந்தது. அதை வாசித்தபடியே சாரத்தோடு கீழே இறங்கி ஓடினேன், நமசிவாயம் பிடித்து நிறுத்தி, காற்சட்டை போடச் சொல்லி அனுப்பினார். தேர்தல் கந்தோருக்குப் போனேன். என் பெயரை எடுங்கள் என்றேன். அங்கே இருந்த சிங்கள அதிகாரி நல்லவர், கதிரை தந்தார். “தென் கரன்ன தெயக் நே, மஹத்தயா” என்றார். இனிச் செய்ய ஒன்றும் இல்லையாம். பட்டியலை ஏற்றுக்கொண்டபிறகு வேட்பாளர் விலக முடியாது, அதுதான் சட்டம். செத்தாலும் வாக்குச்சீட்டில் என் இலக்கம் இருக்கும் என்றார். உங்கள் நோயைச் சொன்னேன். தன் தாயும் மகரகமையில்தான் இறந்தார் என்றார். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார்.

ஏன் அந்த விலாசம் என்று கேட்டீர்கள். அக்கா, நான் யோசித்து எழுதவில்லை. ‘நிரந்தர விலாசம்’ என்ற சொல்லைக் கண்டால் என் கை தானாக அளவெட்டி என்று எழுதும். வேலைக்குச் சேர்ந்தபோது எழுதினேன், பென்ஷனுக்கு எழுதினேன், பொலிஸ் பதிவுக்கு இன்றைக்கும் எழுதுகிறேன். இந்த வெள்ளவத்தையில் நான் மட்டுமா? பிள்ளை பெற்று, பேரன் கண்டு, இங்கேயே கண்ணை மூடுகிறவர்களும் ஊர் விலாசத்தைத்தான் எழுதுகிறார்கள். வாடகை இங்கே, வீடு அங்கே. அது பெருமை என்று நினைத்திருந்தேன். உங்கள் தலையில் கொண்டுபோய்ப் போட்டேன்.

சூசைதாசன் வந்து அழுதான். அவனைத் திட்டக் கூட என்னால் முடியவில்லை.

ஒன்று செய்திருக்கிறேன். இந்தத் தேர்தலுக்கும் எனக்கும் தொடர்பில்லை, எனக்கு யாரும் வாக்களிக்க வேண்டாம் என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டுவிட்டேன். நேற்றைய பேப்பரில் பெரிதாக வந்திருக்கிறது. அதை வெட்டி இத்துடன் வைக்கிறேன். அவர்களிடம் காட்டுங்கள்.

உங்கள் தம்பி
நாகேந்திரம்

*

அளவெட்டி
15.08.1994

தம்பி,

உன் விளம்பரம் உன் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. அவர்கள்தான் கொண்டு வந்தார்கள். ‘அளவெட்டி வடக்கைச் சேர்ந்த க. நாகேந்திரமாகிய நான்’ என்று தொடங்கியிருக்கிறாய். வேறு எப்படித் தொடங்குவாய்? எனக்கு விளங்குகிறது. அவர்களுக்கு மீண்டும் ஒருமுறை பெயரும் விலாசமும் கிடைத்தன.

இனி ஒன்றும் போடாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், சும்மா இரு.

கௌரியை ஒருநாள் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். காலையில் போய்ப் பின்னேரம் வந்துவிட்டாள். ஒன்றும் செய்யவில்லை, மர வாங்கில் இருத்தி வைத்திருந்தார்களாம்.

நாளைக்குத்தானே தேர்தல். முடிந்துவிடும். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

தற்காலிக விலாசம்: வெள்ளவத்தை
22.08.1994

அக்காவுக்கு,

சும்மா இருக்கச் சொன்னீர்கள். இருந்தேன். அதைப்போல் கஷ்டமான வேலையை நான் எந்தக் கந்தோரிலும் செய்ததில்லை.

தேர்தல் முடிந்தது. எங்கள் குடை விரியவே இல்லை. எனக்கு ஏழு விருப்பு வாக்குகள். வேட்பாளர் தன் வாக்குக் குறைவு என்று அழுவதுதான் வழக்கம், நான் அந்த ஏழையும் பார்த்து அழுதேன். எந்தத் தீவில் எந்த மனிதர் என் இலக்கத்துக்குப் புள்ளடி போட்டார்? என்னை யார் என்று நினைத்துப் போட்டார்? ஒன்றும் இல்லை என்று வந்திருந்தால் அதை உங்களுக்குப் பூப்போல அனுப்பியிருப்பேன்.

மறுபடியும் அந்த அதிகாரியிடம் போனேன். நான் தோற்றுவிட்டேன் என்று ஒரு கடிதம் வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். வென்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறாராம், தோற்றவன் வந்து கேட்பது இதுதான் முதல் தடவையாம். ஆனாலும் டைப் அடித்து, முத்திரை குத்தித் தந்தார். விலாசம் இல்லாமல் அடிக்கும்படி நான் முதலே சொல்லிவிட்டேன்.

ஊருக்குச் சாமான் கொண்டு போகும் வியாபாரி ஒருவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கந்தோரில் காட்டிப் பாஸைக் கேளுங்கள். மகரகமை டாக்குத்தரிடம் நேர்ஸ் கதைத்துவிட்டாள். எந்த நாள் வந்தாலும் பார்ப்பாராம். தாமதிக்காமல் கொண்டுவரச் சொன்னார்.

இந்த முறை கடிதம் எழுதும்போது கட்டி எப்படி இருக்கிறது என்று உண்மையாக எழுதுங்கள்.

தோற்றுப்போன தம்பி
நாகேந்திரம்

*

அளவெட்டி
19.09.1994

அன்புத் தம்பிக்கு,

கௌரியின் எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. வலது கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

பாஸ் வந்துவிட்டது. உன் தோல்விக் கடிதத்தைப் பார்த்துத் தந்தார்களோ, தேர்தல் முடிந்ததால் தந்தார்களோ தெரியாது. தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறக்கட்டும், வருவேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். நீ எழுதிய விலாசம் பிழை இல்லை. உன்னை இந்த வீட்டில் எழுதி வைத்தது நான். பிழை என்றால் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி.

அங்கே கடல் காற்று, கழுத்துக்குத் துவாய் சுற்றிக்கொண்டு படு. எனக்காக மீன் வாங்கி வைக்காதே, புரட்டாசிச் சனி முடியும்வரை தொடமாட்டேன்.

உன் அக்கா

*

தற்காலிக விலாசம்: வெள்ளவத்தை
06.10.1994

என் அக்கா,

பாஸ் என்ற சொல்லை வாசித்துவிட்டு உங்கள் கடிதத்தை நமசிவாயத்திடம் ஓடிக் காட்டினேன். அந்த மனிதர் சிரித்ததை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் வவுனியாவுக்கே வந்துவிடுவேன். வரும் நாளை மட்டும் சொல்லி அனுப்புங்கள், அதற்கு முதல்நாளே வந்து நிற்பேன். பொலிஸ் பதிவுக்கு நமசிவாயம் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார். உங்களுக்கு ஜன்னல் பக்கம் கட்டில். ரயில் சத்தம் முதல் இரண்டு நாள் தொந்தரவாக இருக்கும், பிறகு அது வராவிட்டால்தான் நித்திரை வராது. சூசைதாசன் தன் பங்குக்கு ஒரு சின்ன மின்விசிறி கொண்டு வந்தான். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறானாம். பிள்ளையார் கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

மீன் வாங்கமாட்டேன். கத்தரிக்காய்ப் பாற்கறி வைக்கப் பழகியிருக்கிறேன். நீங்கள் வந்து உப்புக் கூடிப்போச்சு என்று ஏசுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.

கை வீக்கம் என்றால் நெறி கட்டியிருக்கும் என்று நேர்ஸ் சொன்னாள். நான் மேலே கேட்கவில்லை. நீங்கள் வந்தால் போதும்.

உங்கள் தம்பி
நாகேந்திரம்

*

அளவெட்டி வடக்கு
08.10.1994

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தில் உங்கள் சுகத்தை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா போன திங்கட்கிழமை காலையில் மோசம் போய்விட்டா. அடுத்த நாளே தகனத்துக்கு எடுத்துவிட்டோம். உங்களுக்குச் செய்தி அனுப்ப ஒருவரும் அகப்படவில்லை.

பாஸ் வந்த நேரமே அம்மாவால் எழும்பி இருக்க முடியாது, மாமா. படகில் வைத்துக் கொண்டு போனால் நடுவழியில் முடிந்துவிடும் என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். அதைத் தெரிந்துகொண்டுதான் அம்மா அந்தக் கடிதத்தைச் சொன்னா. நான் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். “வருவன் எண்டு எழுதடி, அவன் கொஞ்ச நாளைக்காவது சோறு தின்னட்டும்” என்றா. எழுதினேன். என்னை மன்னியுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முதல் தடவை அவர்கள் வந்து உங்களைக் கேட்டபோது அம்மா சொன்ன பதிலை உங்களுக்கு எழுதவில்லை. “அவர் இந்த வீட்டு ஆள் இல்லை” என்றா. அப்படிச் சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க அம்மா சாப்பிடவில்லை. “நான் என்ரை வாயால அவனை வெளியில விட்டுட்டன்” என்று சொல்லிச் சொல்லி அழுதா.

மரண அறிவித்தலை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மா முன்பே சொல்லி வைத்தபடிதான் போட்டேன். எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் இனி யாரும் பேப்பரைக் கொண்டு வந்து உங்களைக் கேட்கக் கூடாது, இந்த வீட்டில் தனியாக இருக்கப்போகிறவள் நான் என்று சொல்லி அம்மா சத்தியம் வாங்கினா. கோபிக்காதீர்கள்.

மருமகள்
கௌரி

*

கடற்கரைப் பக்க ஒழுங்கை
வெள்ளவத்தை
12.11.1994

என் பிள்ளை கௌரிக்கு,

நீ சுகமாக இருக்கவேண்டும். இனி எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

நான் ஆறாம் திகதி அம்மாவுக்கு எழுதிய கடிதம் இப்போது உன்னிடம் வந்திருக்கும். மெத்தையும் மின்விசிறியும் பாற்கறியும் என்று எதை எதையோ எழுதியிருக்கிறேன். பிரித்திருந்தால் மறந்துவிடு, பிரிக்காவிட்டால் அப்படியே அடுப்பில் போடு. அம்மா போய் மூன்று நாள் கழித்து நான் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சூசைதாசன் வந்தான். மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டான், மேலே வரவில்லை. நானும் கீழே இறங்கிப் போகவில்லை. அவன் மேல் கோபம் இல்லை. அவனிடம் எதைச் சொல்வது? என் உயிரைக் காப்பாற்றியவன் கேட்டான், நான் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான். அதில் எந்த இடத்தில் நான் வேறு மாதிரிச் செய்திருக்கலாம் என்று தினமும் யோசிக்கிறேன். யோசித்து முடிவதில்லை.

அறிவித்தலைப் பார்த்தேன். ‘நாகேந்திரம் (வெள்ளவத்தை) அவர்களின் அன்புச் சகோதரியும்’. அம்மா செய்தது சரி, நீ போட்டதும் சரி. கோபம் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை நான் இந்த வயதில் குழந்தைபோல விரலால் மறைத்து மறைத்துப் பார்த்தேன், பிள்ளை.

மூன்று நாளைக்கு முன்பு இங்கே ஜனாதிபதித் தேர்தலும் நடந்தது. நமசிவாயம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். எனக்கு இங்கே வாக்கு இல்லையே. என் பெயர் உங்கள் வீட்டு இடாப்பில் அல்லவா இருக்கிறது.

நேற்றுப் பொலிஸ் பதிவுக்குப் புதுப் படிவம் கொண்டு வந்தார்கள். நிரந்தர விலாசம் என்ற இடத்தில் கை வழக்கம்போல ‘அ’ எழுதப் போனது. நிறுத்தி, வெள்ளவத்தை என்று எழுதினேன். வந்த பொலிஸ்காரர் பழைய படிவத்தையும் இதையும் பார்த்துவிட்டு, ஊர் விலாசம் என்ன ஆயிற்று என்று சிங்களத்தில் கேட்டார். அங்கே ஒருவரும் இல்லை என்றேன். நீ அங்கே இருக்கும்போதே அப்படிச் சொன்னேன். உன் அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு ஏன் இறங்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இனி எனக்குக் கடிதம் போடும்போது உறையில் தற்காலிகம் என்று எழுதாதே. இந்தக் கடிதத்தின் மேலே பார், நானும் எழுதவில்லை. அந்த வீட்டுக்கு ஆள் கணக்கெடுக்க எப்போதாவது யாராவது வந்தால், உன் பெயரை மட்டும் சொல். என் பெயரைச் சொல்லாதே. சொல்லாமல் இருக்க உனக்குக் கஷ்டமாக இருந்தால், மனதுக்குள் சொல்லிக்கொள்.

உன் மாமா
நாகேந்திரம்